நூறை ஐம்பதால் வகுத்தால்

ராத்திரி வீடு வந்து சேர்ந்த அவசரத்தில் காரின் ஹெட்லைட்டை அணைக்க மறந்துவிட்டால் மறுநாள் காலை என்ன ஆகும் என்பது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சாவியைத் திருகினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ள வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம். அதே பேட்டரிதான் மூன்று நான்கு வருஷமாகத் தினமும் காலையில் அத்தனை கனமான எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பியிருக்கிறது. கையால் சுழற்ற முடியாத எஞ்சினை அசைக்கும் பேட்டரி, இரண்டே இரண்டு பல்புக்கு முன்னால் ஏன் படுத்துவிடுகிறது?

இந்தக் கேள்வியைத் தூண்டில்காரர்கள் படகில் ஏறும்போது சந்திக்கிறார்கள். படகுக்கு ஒரு சிறிய மின்மோட்டாரும், அதற்கு ‘100 ஆம்பியர்-மணி’ என்று எழுதிய பேட்டரியும் வாங்குகிறார்கள். மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும் என்கிறது கையேடு. நூறை ஐம்பதால் வகுத்தால் இரண்டு. ஆக, இரண்டு மணி நேரம் ஓடும் என்று நம்பி ஏரிக்குள் போகிறார்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் மோட்டார் சோர்ந்துவிடுகிறது. மீதி முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று?

ஃபார்கோவில் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் தங்கள் வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று பெருமையாக எழுதிக்கொள்வார்கள். அதன் மேற்கு எல்லையில், ஆற்றைத் தாண்டினால் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரம். 1934-இல் அங்கே ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, வளையும் தண்டு ஒன்றைப் பொருத்தி, முனையில் ஒரு புரொப்பல்லரை மாட்டிப் படகில் வைத்தார். அதிலிருந்துதான் டிரோலிங் மோட்டார் பிறந்தது. அவர் தொடங்கிய நிறுவனம் இரண்டு மாநிலங்களின் பெயரையும் ஒட்டி ‘மின் கோட்டா’ ஆயிற்று.

படகை மெல்ல நகர்த்திக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துப் போவதுதான் டிரோலிங். இழுவைத் தூண்டில் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சின் போடும் சத்தத்தில் ஆழமில்லாத தண்ணீரில் மீன் கலைந்துவிடும். தவிர அவ்வளவு மெதுவாக ஓட்டினால் எஞ்சினும் இருமும். மின்மோட்டார் தண்ணீருக்குள் கிடந்து ஏறக்குறையச் சத்தமில்லாமல் சுழலும். மீன் இருக்கும் இடம்வரை பெட்ரோல் எஞ்சினில் போய், அங்கே அதை அணைத்துவிட்டு மின்மோட்டாரை இறக்குவது இன்றுவரை அந்த ஏரிகளின் வழக்கம்.

படகில் மின்மோட்டார் என்பதை ஷ்மிட் கண்டுபிடிக்கவில்லை. குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் 1881-இலேயே பாரிஸின் சேன் நதியில் மின்படகு ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஆனாலும் நம் புதிருக்கு ஷ்மிட்டின் படகுதான் பொருத்தம். காரில் ஒரு நாளைக்குச் சில நொடிகள் மட்டுமே வேலை பார்க்கும் மோட்டாரை எடுத்து, மணிக்கணக்கில் உழைக்கச் சொன்னார் அவர். மோட்டாரின் பாடு ஒருபுறம் இருக்கட்டும். நாம் பார்க்கப்போவது பேட்டரியின் கஷ்டத்தை.

எஞ்சினைக் கிளப்ப எவ்வளவு செலவு?

காரை ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். பெரிய எண்தான். ஆனால் எவ்வளவு நேரம்? இரண்டு நொடி. ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் எடுத்தால் அது ஒரு ஆம்பியர்-மணி. 200 ஆம்பியரை இரண்டு நொடிக்குக் கணக்கிட்டால் ஒரு ஆம்பியர்-மணியில் ஒன்பதில் ஒரு பங்குதான் வருகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதைச் சில நிமிடங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். கார் பேட்டரி தன் ஆயுளில் பெரும்பகுதியை முக்கால் நிறைவுக்குக் கீழே இறங்காமலே கழிக்கிறது.

ஹெட்லைட் பல்புகள் இரண்டும் சேர்ந்து இழுப்பது ஒன்பது ஆம்பியர் போலத்தான். ஆனால் ராத்திரி முழுக்க இழுக்கின்றன. ஐந்து மணி நேரத்தில் 45 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் பேட்டரியில் மொத்தமே அவ்வளவுதான்.

இதற்கேற்றபடிதான் கார் பேட்டரியை வடிவமைக்கிறார்கள். உள்ளே ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. 1859-இல் காஸ்டன் பிளான்டே என்பவர் செய்து காட்டிய அதே ஏற்பாடு. அமிலம் தகட்டைத் தொடும் இடத்தில்தான் மின்சாரம் உண்டாகிறது. நொடியில் 200 ஆம்பியர் வேண்டுமானால் தொடும் பரப்பு அதிகமாக இருக்க வேண்டும். ஆகவே மெல்லிய தகடுகளை நிறைய அடுக்குகிறார்கள். மெல்லிய தகட்டை அடிமட்டம்வரை இறக்கி மறுபடி ஏற்றினால், ஒவ்வொரு முறையும் தகட்டின் பூச்சு உப்பிச் சுருங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். சில டஜன் தடவை அப்படிச் செய்தால் பேட்டரி காயலான் கடைக்குத்தான்.

படகு மோட்டாருக்கு வேண்டியது தடித்த தகடு. நொடியில் கொட்டத் தெரியாது. ஆனால் நீண்ட நேரம் கொடுக்கும், ஆழமாக இறங்கி ஏறும். கடைகளில் இதன் பெயர் ‘டீப் சைக்கிள்’. மின்வெட்டுக் காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த இன்வெர்ட்டர் பேட்டரியும் இந்தக் குடும்பந்தான். இன்வெர்ட்டருக்குக் கார் பேட்டரியை வைத்தால் ஏன் சீக்கிரமே போய்விடுகிறது என்பதற்கும் இதுவே விடை.

காணாமல் போன முக்கால் மணி நேரம்

சரி, டீப் சைக்கிள் பேட்டரியையே வாங்கிவிட்டோம். அப்போதும் 100 ஆம்பியர்-மணி ஏன் இரண்டு மணி நேரம் வரவில்லை?

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் 100 பொய்யில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அது பொடி எழுத்தில் இருக்கும். வழக்கமாக இந்த எண்ணை 20 மணி நேரக் கணக்கில் சொல்கிறார்கள். அதாவது ஐந்து ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் 20 மணி நேரம் வரும். அப்போதுதான் நூறு. பத்து மடங்கு வேகமாக எடுக்கப் போனால் பேட்டரி அதே நூறைத் தராது.

காரணம் தகட்டுக்குள் இருக்கிறது. தகடு பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்தது. துளைகளுக்குள் இருக்கும் அமிலம் வேலை செய்து தீர்ந்ததும் வெளியிலிருந்து புது அமிலம் உள்ளே ஊறி வர வேண்டும். மெதுவாக எடுத்தால் ஊறி வர நேரம் கிடைக்கிறது. அவசரமாக எடுத்தால் உள்ளே அமிலம் வற்றி, வோல்ட் சரிந்து, மோட்டார் தளர்கிறது. வெளியே அமிலம் மீதமிருந்தும் பயனில்லை. போதாததற்குத் தகட்டின் மேல்பரப்பில் ஈய சல்பேட் படிந்து துளைகளின் வாயை அடைக்கிறது. பேட்டரியை மொட்டைமாடித் தொட்டியாக நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அது ஆற்று மணலில் தோண்டிய ஊற்று. அகப்பையால் நிதானமாக மொண்டால் குடம் குடமாக வரும், வாளி போட்டு இறைத்தால் சேறுதான் வரும், சற்று நேரம் விட்டால் மறுபடி ஊறும். செத்துப்போனதாகத் தோன்றிய மோட்டார் பத்து நிமிட ஓய்வுக்குப் பிறகு மீண்டும் கொஞ்சம் சுழல்வது இதனால்தான்.

வேகமாக எடுத்தால் எவ்வளவு குறையும் என்பதை 1897-இல் வில்ஹெல்ம் பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் ஒரு விதியாக எழுதினார். இன்றும் அது அவர் பெயரால் வழங்குகிறது. சாதாரண ஈய அமில பேட்டரிக்கு அவர் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 50 ஆம்பியர் இழுக்கும்போது நம் நூறு ஆம்பியர்-மணியில் ஏறக்குறைய 63 மட்டும் கிடைக்கும். நேரத்தில் சொன்னால் சுமார் 76 நிமிடம். பத்து ஆம்பியர் மட்டும் இழுத்தால் 87 ஆம்பியர்-மணி, கிட்டத்தட்ட எட்டே முக்கால் மணி நேரம் கிடைக்கும்.

ஒரு படகு, இரண்டு வேகம்

இப்போது ஒரு படகை எடுத்துக்கொள்வோம். பதினாறு அடி அலுமினியப் படகு. பெட்ரோல் எஞ்சின், இரண்டு ஆள், சாமான், பேட்டரி எல்லாம் சேர்ந்து 750 கிலோ.

எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும் என்பதற்குத் தூண்டில்காரர்களிடம் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உந்துவிசை. நம் படகுக்கு 15 கிலோ. அமெரிக்காவில் இதைப் பவுண்டில் சொல்வார்கள், 33 பவுண்டு. காற்றும் அலையும் எதிர்த்தால் தாக்குப்பிடிக்க வேண்டுமே, அதனால் 55 பவுண்டு மோட்டாரை எடுக்கலாம். பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் மோட்டார்களில் பரவலாக விற்பது இந்த அளவுதான். முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும், அதாவது சுமார் 600 வாட். படகு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகும் என்று கொள்வோம்.

இன்னொரு கட்டுப்பாடு. ஈய அமில பேட்டரியில் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் அதன் ஆயுள் வெகுவாக நீளும். எனவே கிடைக்கும் 76 நிமிடத்தில் பாதி, 38 நிமிடம்தான் நமக்கு. அந்த நேரத்தில் படகு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும். போய்த் திரும்ப வேண்டுமானால் கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர். தண்ணீர் படகைத் தடுக்கும் விசை வேகத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை, அதைவிட வேகமாக ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் தடுப்பு நான்கு மடங்கு. அதை இரட்டை வேகத்தில் எதிர்கொள்ள வேண்டியிருப்பதால் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு. தலைகீழாகப் பார்த்தால், பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு சக்தி போதும். மோட்டாரின் உள் இழப்புகளையும் தாராளமாகச் சேர்த்து, 50 ஆம்பியருக்குப் பதில் பத்து ஆம்பியர் என்று வைப்போம். பத்து ஆம்பியரில் பேட்டரி எட்டே முக்கால் மணி நேரம் வரும் என்று மேலே பார்த்தோம். அதில் பாதி, நான்கேகால் மணி நேரத்துக்கும் சற்று மேல். தூரம்? ஏறக்குறைய பதினோரு கிலோமீட்டர்.

அதே பேட்டரி, அதே படகு. வேகத்தை இரண்டில் ஒன்றாக்கினால் தூரம் மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. தண்ணீரும் பாய்க்கெர்ட்டும் இரண்டு பக்கமும் நின்று மெதுவாகப் போகிறவனுக்கே உதவுகிறார்கள். இழுவைத் தூண்டிலுக்கு எப்படியும் மெதுவாகத்தான் போக வேண்டும் என்பது அதிர்ஷ்டம்.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை உண்டு. இந்தச் சிக்கனம் முழுதாகக் கிடைப்பது மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தைக் குறைக்கும் மோட்டார்களில்தான். ஐந்து நிலை ஸ்விட்ச் வைத்த மலிவான மோட்டார்கள் குறைந்த வேகத்தில் மின்சாரத்தின் ஒரு பகுதியைச் சூடாக வீணாக்கிவிடும். கடையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இரண்டாவது பேட்டரியை எப்படிச் சேர்ப்பது?

ஒரு பேட்டரி போதவில்லை என்றால் இரண்டு. இரண்டையும் பக்க இணைப்பில் சேர்க்கலாம்: பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். பன்னிரண்டு வோல்ட் அப்படியே இருக்கும், 100 ஆம்பியர்-மணி 200 ஆகும். இங்கே பாய்க்கெர்ட் ஒரு பரிசு தருகிறார். ஒவ்வொரு பேட்டரியும் இப்போது 25 ஆம்பியர் மட்டும் கொடுத்தால் போதும். அவசரம் குறைந்ததால் 76 நிமிடம் இரு மடங்கோடு நிற்காமல், மூன்று மணி நேரத்தை நெருங்குகிறது.

அல்லது தொடர் இணைப்பில் சேர்க்கலாம்: ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு. 24 வோல்ட் கிடைக்கும், ஆனால் 100 ஆம்பியர்-மணிதான். அடங்கியிருக்கும் ஆற்றல் இரண்டு முறையிலும் ஒன்றே. எதைத் தேர்வது என்பதை மோட்டார்தான் சொல்லும். பன்னிரண்டு வோல்ட் மோட்டாருக்கு 24 கொடுத்தால் புகைந்துவிடும். எண்பது பவுண்டு மோட்டார்கள் 24 வோல்ட்டுக்கும், 112 பவுண்டு மோட்டார்கள் 36 வோல்ட்டுக்கும் செய்யப்படுகின்றன. மூன்று வகையும் முழு வேகத்தில் ஏறக்குறைய ஐம்பது, ஐம்பத்தைந்து ஆம்பியரோடு நின்றுவிடுவது தற்செயல் இல்லை. ஆம்பியரை ஏற்றாமல் வோல்ட்டை ஏற்றியிருக்கிறார்கள். ஏன் என்பதைக் கம்பியிடம்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்று: சேர்க்கும் பேட்டரிகள் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயது. பழையதோடு புதியதைத் தொடரில் கட்டினால் பழையது முதலில் காலியாகும். புதியது அதன் வழியாகவே மின்சாரத்தை இழுத்துக்கொண்டு போய் அதை அடியோடு கெடுக்கும். பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியையும் இந்தக் கூட்டில் சேர்க்கக்கூடாது. மின்மோட்டார் நின்றால் வீடு திரும்ப அந்த எஞ்சின்தான் துணை.

கம்பிக்குள் கரையும் வோல்ட்

மோட்டார் படகின் மூக்கில், பேட்டரி பின்பக்கம். இடையில் ஆறு மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே பன்னிரண்டு மீட்டர் தாமிரக் கம்பி. வீட்டில் ஏசிக்கு இழுக்கும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இருக்கிறதே, அது போதாதா?

ஒன்றரை டன் ஏசி 230 வோல்ட்டில் ஏழெட்டு ஆம்பியர்தான் இழுக்கிறது. நம் மோட்டார் அதன் பாதி வாட்கூட இல்லை, ஆனால் 50 ஆம்பியர் இழுக்கிறது. அந்த மெல்லிய கம்பியில் 50 ஆம்பியர் போனால் வழியிலேயே இரண்டரை வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். 230 வோல்ட்டில் இரண்டரை போனால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டில் இரண்டரை போனால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. சுமார் 130 வாட் கம்பியைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. மோட்டார் மந்தமாகச் சுழலும். பழியோ பேட்டரி மேல் விழும். ‘பேட்டரி சரியில்லை’ என்று வரும் புகார்களில் பேட்டரிக்குச் சம்பந்தமே இல்லாத வகை இது.

கம்பியை 16 சதுர மில்லிமீட்டராகத் தடிப்பாக்கினால் இழப்பு கால் பங்காகிறது, அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். இன்னொரு வழி வோல்ட்டை இரட்டிப்பது. அதே சக்திக்கு ஆம்பியர் பாதியாகும். ஆம்பியர் பாதியானால் கம்பியில் வீணாகும் சூடு கால் பங்காகும். பெரிய மோட்டார்களை 24, 36 வோல்ட்டுக்குக் கொண்டுபோனதன் ரகசியம் இதுதான். நம் மின்வாரியம் ஊருக்கு ஊர் உயரழுத்தக் கம்பி இழுப்பதும் இதே கணக்கில்தான்.

மெல்லிய கம்பியின் ஆபத்து மந்தத்தோடு முடிவதில்லை. பேட்டரியிலிருந்து வரும் பிளஸ், மைனஸ் கம்பிகள் தற்செயலாகத் தொட்டுக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கம்பி பழுக்கக் காய்ந்து படகில் தீப்பிடிக்கும். இதற்காகத்தான் பிளஸ் கம்பியில் ஒரு சர்க்யூட் பிரேக்கர், 50 ஆம்பியர் மோட்டாருக்கு 60 ஆம்பியர் அளவில். அதை மோட்டார் பக்கத்தில் பொருத்துகிறவர்கள் உண்டு. அது வீண். பிரேக்கர் காப்பாற்ற வேண்டியது கம்பியை. ஆகவே பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தர விதிகள் ஏழு அங்குலத்துக்குள் என்கின்றன.

கரை சேர்ந்த பிறகு

வீடு வந்ததும் சார்ஜ் போட வேண்டும், நாளைக்கு ஆகட்டும் என்று விடக்கூடாது. தகட்டில் படிந்த ஈய சல்பேட் புதிதாக இருக்கும்போது எளிதில் கரையும். நாள்கணக்கில் விட்டால் படிகமாக இறுகி, பிறகு எந்தச் சார்ஜருக்கும் மசியாது. ஏற்றும்போது நூற்றில் முதல் எண்பது பங்கு வேகமாக ஏறும், கடைசி இருபது பங்குக்கு மணிக்கணக்கில் ஆகும். பொறுமையிழந்து நடுவில் பிடுங்கினாலும் அதே படிகம்தான். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும். மூடிய பெட்டிக்குள் வைத்து ஏற்றக்கூடாது, பக்கத்தில் பீடி பற்றவைக்கவும் கூடாது.

மினசோட்டாவில் குளிர்காலம் வந்தால் ஏரியே உறைந்துவிடும். பேட்டரி உறையுமா? நிறைவாக ஏற்றிய பேட்டரியின் அமிலம் உறைய பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் மேல் போக வேண்டும். காலியான பேட்டரியில் அமிலத்தின் பெரும்பகுதி தகட்டோடு சேர்ந்துவிட, மிஞ்சுவது ஏறக்குறையத் தண்ணீர். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியை ஒட்டியே உறைந்து, ஓட்டைப் பிளந்துவிடும். அங்கே நவம்பரில் பேட்டரியை முழுக்க ஏற்றி வைப்பவருக்குத்தான் மே மாதம் பேட்டரி இருக்கும்.

ஈயமா, லித்தியமா?

1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் என்ற விஞ்ஞானியின் குழு இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த லித்தியம் மின்கலத்துக்கு வழி காட்டியது. இன்று படகுகளில் ஈயத்தின் இடத்தைப் பிடித்துவருவது அந்த வகை. நூறு ஆம்பியர்-மணி ஈய பேட்டரி முப்பது கிலோவை நெருங்கும், லித்தியம் அதில் பாதிகூட இருக்காது. பாய்க்கெர்ட்டின் அபராதம் அதற்கு ஏறக்குறைய இல்லை: நூறை ஐம்பதால் வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டே வரும். பாதியில் நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. கடைசிவரை வோல்ட் தளராமல் நின்று, திடீரென்று அறுந்துவிடும் என்பதால் அளவுமானியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் பாழாகிவிடும். லித்தியத்துக்கென்று அமைத்த சார்ஜரும் தேவை.

விலை அதிகம். வாரந்தோறும் ஏரிக்குப் போகிறவருக்கு அந்தப் பணம் சில வருஷத்தில் திரும்பிவிடும். வருஷத்தில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகிறவர் இரண்டு ஈய பேட்டரியும், தடித்த கம்பியும், பேட்டரியை ஒட்டி ஒரு பிரேக்கரும் வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் மெதுவாகப் போக வேண்டும்.